கார்லோவின் முதல் பாஸ்: பிழை கையிலா, ஜோடியிலா?

நீலக்கோடு:

2025 மே 18ஆம் திகதி இரவு, கோப்பைக்கான பிளேஓஃப் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நமது ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் புளோரிடாவிடம் 6-1 என்று தோற்றபோது ரீவியை நிறுத்திவிட்டுப் படுத்தவன் நான். அதற்குப் பிறகு ஹொக்கி கதைக்கவே மனம் வரவில்லை. இப்போது கோடை முடியப்போகிறது, பயிற்சி முகாம் தொடங்கப்போகிறது. மனதில் கிடந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பிரண்டன் கார்லோவை நாம் எதற்காக வாங்கினோம்?

மார்ச் 7ஆம் திகதி இளம் வீரர் ஃபிரேசர் மின்ரனையும், புது வீரர்களை எடுக்கும் ட்ராஃப்டில் 2026இன் முதல் சுற்றுத் தெரிவையும் 2025இன் நான்காம் சுற்றுத் தெரிவையும் பொஸ்ரனுக்குக் கொடுத்தோம். அந்த முதல் சுற்றுத் தெரிவு முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் மட்டும்தான் அதைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். கிடைத்தது ஆறடி ஐந்து அங்குல உயரமான, வலது ஷொட் (ஸ்டிக்கை உடம்பின் வலப்பக்கம் வைத்து ஆடும்) டிஃபென்ஸ் வீரர். நன்றாகத் தடுப்பார், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் புளோரிடாவுக்கு எதிரான ஏழு ஆட்டங்களையும் இந்தக் கோடையில் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக் (அந்தக் கறுப்பு வட்டு) நமது மூலைக்குள் வருகிறது. கார்லோ திரும்பி எடுக்கிறார். முதுகில் ஒருவர் வந்து விழுகிறார். பக் ஓரத்துப் பலகைக்கு மேலுள்ள கண்ணாடியில் பட்டு, நமது பகுதியின் எல்லையான நீலக்கோடு வரை போகிறது. அங்கே காத்து நிற்கும் புளோரிடாக்காரர் அதைப் பிடித்து மறுபடி உள்ளே போடுகிறார். திரும்பவும் அதே கதை. கால் ஓய்ந்த ஐந்து பேர் ஒரு நிமிடத்துக்கு மேல் சொந்தக் கோலுக்கு முன்னால் சிக்கி நிற்பதைப் பார்க்க வயிறு எரிந்தது. ஒரேயொரு நேரான பாஸ் போயிருந்தால் போதும்.

ரைலி, கார்லோ, மக்கேப், டானெவ், பென்வா, எக்மன்-லார்சன். இரண்டிரண்டு பேர் ஜோடியாக இறங்கும் நமது இந்த ஆறு டிஃபென்ஸ் வீரர்களில் பக்கைக் கொடுத்தால் சுத்தமாக வெளியே கொண்டுவருவார் என்று நம்பக்கூடியவர்கள் என் கணக்கில் இரண்டு பேர், ரைலியும் எக்மன்-லார்சனும். பாஸ் கொடுப்பவர்தான் குறை என்று தெரிந்தும் தடுப்பவரையே இன்னொரு முறை வாங்கியது எனக்கு விளங்கவில்லை.


மார்க்கம்காரன்:

அண்ணை, கார்லோவைப் பாஸ் கொடுக்கவென்று யாரும் வாங்கவில்லை. ரைலிக்குப் பக்கத்தில் நிற்கவே வாங்கினார்கள்.

ரைலி முன்னே போய் விளையாடுகிற ஆள். 2018-19இல் 20 கோலும், கோலும் அசிஸ்டும் (கோலுக்கு வழிசெய்த பாஸ்) சேர்த்து 72 புள்ளியும் எடுத்தவர். போன பருவத்தில் 41 புள்ளிதான், வேகம் கொஞ்சம் குறைந்துவிட்டது. ஆனாலும் அவர் முன்னே போகாவிட்டால் அவரை வைத்திருப்பதில் பொருளே இல்லை. அவர் போனால் பின்னுக்கு நிற்க ஒருவர் வேண்டும், அதுவும் வலது பக்கத்தில். கார்லோ அதற்குச் சரியான ஆள்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடத்துக்கு 41 லட்சம் டொலர் என்ற அவரது ஒப்பந்தம் 2026-27 வரை இருக்கிறது, அதில் 15 வீதத்தைப் பொஸ்ரன் தானே ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதத்துக்கு வந்துவிட்டுப் போகும் வாடகை வீரர் அல்ல. மூன்று பிளேஓஃப் கிடைக்கிறது. மின்ரனை இழந்தது எனக்கும் கவலைதான், நல்ல பிள்ளை. ஆனாலும் இந்த டிரேட்டை நான் இன்றைக்கும் ஆதரிக்கிறேன்.


ரிங்க் அம்மா:

தம்பிமார் இருவரும் கார்லோவின் கையைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன்.

என் மகள் ஏழு வருடமாக ஸ்காபரோவில் டிஃபென்ஸ் விளையாடுகிறாள். விடிய ஐந்தரைக்கு எழும்பி, ஐஸ் ரிங்க் ஓரத்தில் கோப்பியோடு நின்று நின்று நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளர் முதலில் சொல்லிக்கொடுப்பது பாஸ் அல்ல, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பது. பக்கைத் தொடுவதற்கு முன்பே இரண்டு முறை பார்க்க வேண்டும். எந்தப் பக்கத்தால் ஆள் வருகிறான், நம்முடைய விங்கர் (ஓரத்தில் விளையாடும் முன்வரிசை ஆள்) எங்கே நிற்கிறான் என்று பார்த்து வைத்தால்தான் தொட்டதும் கொடுக்கலாம். தொட்ட பிறகு பார்த்தால் அரைச் செக்கன் போய்விடும், அந்த அரைச் செக்கனில் பலகையோடு நசுங்கிவிடுவாள்.

அடுத்தது குரல். பக்கை எடுக்கப் போகிறவளுக்குப் பின்னால் கண் இல்லை. ஜோடியில் மற்றவளும் கோலைக் காக்கும் கோலியும்தான் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். "வீல்" என்றால் கோலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு போ. "அப்" என்றால் இதே பக்கத்து விங்கருக்குக் கொடு. "ஓவர்" என்றால் கோலுக்குப் பின்னால் மற்ற டிஃபென்ஸுக்கு. "ரிவர்ஸ்" என்றால் வந்த திசைக்கே திருப்பி விடு. நான்கு சொல்தான், ஆனால் அதைச் சரியான கணத்தில் சொல்லும் ஜோடி கிடைக்க மாதக்கணக்கு எடுக்கும். சொல்கிறவள் எப்போது சொல்வாள், கேட்கிறவள் எந்தப் பக்கம் திரும்புவாள் என்பது பழகிப் பழகித்தான் வரும்.

கார்லோ மார்ச் இரண்டாம் வாரம் வந்தார். ஏப்ரல் நடுப்பகுதியில் வழக்கமான பருவம் முடிந்துவிட்டது. ஐந்தாறு வாரம். அதுவும் பொஸ்ரனில் முதல் நாளிலிருந்து ஒரு முறைக்குப் பழகியவர். அவருடைய பாஸ் மோசம் என்று சொல்வதற்கு முன் அவருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று யோசிக்க வேண்டும்.


எண்ணெய்க்கிணறு:

எட்மன்டனிலிருந்து எழுதுகிறேன், மதுரைக்காரன். உங்கள் ஊர் வழக்கு எனக்கு முழுதாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்ன ஜோடி விஷயத்துக்கு எங்கள் ஆயிலர்ஸ் அணியையே காட்டலாம். 2023 பிப்ரவரி 28 அன்று நாஷ்வில்லிலிருந்து டிஃபென்ஸ் வீரர் மத்தியாஸ் எக்ஹோமை வாங்கினோம். கொடுத்தது டைசன் பாரி, ரீட் ஷேஃபர், 2023 முதல் சுற்றுத் தேர்வு, 2024 நான்காம் சுற்றுத் தேர்வு. அன்றைக்கு இங்கே பலருக்குக் கோபம். பவர் பிளேயை (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேர ஆட்டத்தை) நடத்தியவரே பாரிதான், உலகத்திலேயே சிறந்த பவர் பிளே எங்களுடையது, அதைப் போய்க் கலைப்பார்களா என்று சண்டை போட்டோம். நானும் போட்டேன்.

நடந்தது வேறு. பாரி போனதும் பவர் பிளே இடம் எங்கள் இன்னொரு டிஃபென்ஸ் வீரர் எவன் பூஷார்டுக்கு வந்தது. இரண்டு அணியிலும் ஐந்தைந்து பேர் நிற்கும் ஆட்டத்தில் எக்ஹோம் அவர் பக்கத்தில் வந்து நின்றார். எக்ஹோம் இடது ஷாட், பூஷார்ட் வலது ஷாட். முதல் அடியை வாங்கி, ஆளைக் கழற்றி, பூஷார்டுக்கு நேரமும் இடமும் கொடுப்பார். அந்த நேரத்தில் பூஷார்ட் மேலே பார்த்து நீளமாக ஒரு பாஸ் விடுவார், அது எங்கள் நட்சத்திரம் மெக்டேவிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டிக்கில் போய் உட்காரும். அடுத்த பருவத்தில் பூஷார்ட் 82 புள்ளிகள். 2024 பிளேஆஃபில் 25 ஆட்டத்தில் 32.

பூஷார்டின் கை 2023 பிப்ரவரியிலும் இதே கைதான். அப்புறம் என்ன மாறியது? பக்கத்தில் நின்ற ஆள்தான்.


நீலக்கோடு:

எக்ஹோம் உதாரணம் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. எக்ஹோம் தடுப்பாளர் மட்டுமல்ல, அழகாகப் பாஸ் கொடுப்பார். பூஷார்டுக்கு வழி அடைபட்டால் எக்ஹோமே வெளியே கொண்டுவருவார். எதிரணிக்கு எந்தப் பக்கத்தை அடைப்பது என்று தெரியாது. ரைலி, கார்லோ ஜோடியில் அது தெரியும். பக்கைக் கார்லோவின் மூலைக்குள் போடு, அவ்வளவுதான். புளோரிடா அதைத்தான் செய்தது.


பழைய கார்டன்ஸ்:

பிள்ளைகள், பாஸ் பற்றிக் கதைக்கும் இடத்தில் நமது பழைய டிஃபென்ஸ் வீரர் தொமாஸ் கபெர்லேயின் பெயர் இன்னும் வரவில்லை என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் லீஃப்ஸ் இன்னும் பழைய அரங்கான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். 1999 பெப்ரவரி 13 அங்கே கடைசி ஆட்டம். அந்தப் பருவத்தில்தான் கபெர்லே வந்தார். 1996இல் எட்டாம் சுற்றில், 204ஆவது ஆளாகத் தெரிவான பையன். யாரும் எதிர்பார்க்கவில்லை. 15ஆம் இலக்கம். அடிக்க மாட்டார், பலமாக ஷொட் எடுக்க மாட்டார், "ஷூட்!" என்று இருபதாயிரம் பேர் கத்தினாலும் எடுக்க மாட்டார். ஆனால் அவர் விட்ட பாஸைப் பார்த்திருக்க வேண்டும். பக் துள்ளாது, ஐஸோடு ஒட்டிப் போகும். வாங்குகிறவர் ஸ்டிக்கை அசைக்கவே வேண்டாம், வேகத்தைக் குறைக்கவும் வேண்டாம். 2005-06இல் 58 அசிஸ்ட். அதே பருவத்தில் அவரோடு பவர் பிளேயில் நின்ற பிரையன் மக்கேப் 68 புள்ளி எடுத்தார். இப்போதைய ஜேக் மக்கேப் வேறு ஆள், குழப்ப வேண்டாம். அந்த மக்கேப் அடித்த ஒவ்வொரு குண்டையும் தட்டில் வைத்துக் கொடுத்தவர் கபெர்லே.

ரொறன்ரோவில் 520 புள்ளிகள் எடுத்தவரை 2011 பெப்ரவரி 18 பொஸ்ரனுக்குக் கொடுத்தார்கள். ஜோ கோல்போர்னும் ஒரு முதல் சுற்றுத் தெரிவும் ஒரு இரண்டாம் சுற்றுத் தெரிவும் வந்தன. பொஸ்ரன் அவரை வாங்கியதே பவர் பிளேக்காக. அங்கே போனதும் என்ன நடந்தது? பவர் பிளே எழும்பவே இல்லை. அந்தப் பிளேஓஃப் முழுக்கப் பொஸ்ரனின் பவர் பிளே மிக மோசம். அங்குள்ள ரசிகர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் அவரை மூன்றாவது ஜோடியில் வைத்துக் கொஞ்ச நேரமே விட்டார்கள்.

அதே கபெர்லே. அதே கை. பன்னிரண்டு வருடம் நான் பார்த்த கை. புது இடத்தில் அவர் பாஸ் கொடுக்கும் இடத்தில் ஆள் இல்லை, ஆள் நிற்கும் இடம் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் ஜூன் 15 வான்கூவரில் கோப்பையைத் தூக்கினார். அன்றைக்கு நான் பொஸ்ரனுக்காகக் கைதட்டினேன். வேறு எந்த நாளும் அதைச் செய்ததில்லை.


கோலி தம்பி:

ஐயா சொன்னதை வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. நான் கபெர்லேயின் கடைசி இரண்டு வருடம்தான் பார்த்தேன்.

கோலியாக விளையாடுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். டிஃபென்ஸ் வீரரின் பாஸ் பல முறை கோலியிடம்தான் தொடங்குகிறது. எதிரணி பக்கைப் பலகையோடு சுழற்றி விட்டால் கோலி வெளியே வந்து கோலுக்குப் பின்னால் நிறுத்தி வைக்க வேண்டும். 2005இல் கோலுக்குப் பின்னால் அந்தச் சரிவகக் கோடு வந்த பிறகு மூலைக்குள் போய்த் தொட முடியாது, தொட்டால் இரண்டு நிமிடம். ஆகவே எதிரணிகள் பக்கை அந்தக் கோட்டுக்கு வெளியே, மூலைக்குள்ளேயே போடப் பழகிவிட்டன. அந்த வேலை முழுவதும் டிஃபென்ஸின் தலையில் விழுந்தது.

அதே வருடம் வந்த மற்ற இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். சொந்தப் பகுதியிலிருந்து கண்ணாடிக்கு மேலால் வெளியே அடித்தால் பெனால்டி. ஐசிங் செய்தால், அதாவது நடுச் சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பக்கை மறு கோடி வரை அடித்துவிட்டால், ஆளை மாற்ற முடியாது. பயந்து பக்கை எறிகிறவருக்கு இரண்டு பக்கமும் தண்டனை. மறுபக்கத்தில் சிவப்புக் கோட்டைத் தாண்டிய நீளப் பாஸுக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார்கள். பாஸ் கொடுக்கத் தெரிந்தவருக்குக் கதவு திறந்தது.

புளோரிடாத் தொடரின் முதல் ஆட்டத்திலேயே நமது கோலி ஸ்டோலார்ஸ் காயப்பட்டு வெளியேறிவிட்டார். இரண்டாவது ஆட்டத்திலிருந்து வோல். வோல் மேல் குற்றமே இல்லை, ஆறாவது ஆட்டத்தில் ஒரு கோலும் விடாமல் காத்தவர். ஆனால் கோலி மாறினால் பின்னால் கேட்கும் குரலும் மாறுகிறது. ரிங்க் அம்மா சொன்ன நான்கு சொல்லையும் வேறு ஆள் வேறு நேரத்தில் சொல்கிறான். எங்கள் சின்ன லீகிலேயே அது தெரியும்.


மார்க்கம்காரன்:

விங்கர்களையும் பயிற்சியாளரையும் தொடாமல் இந்தக் கதை முடியாது.

நமது பயிற்சியாளர் கிரெய்க் பெருபே 2019இல் சென்ற் லூயிஸுக்குக் கோப்பை எடுத்துக் கொடுத்த முறை இது. ஆபத்தான இடத்தில் பக்கை வைத்து விளையாடாதே, கண்ணாடியில் அடித்து வெளியே எடு, எதிரணியின் பகுதிக்குள் போடு, ஓடிப் போய்ப் பிடி. பருவம் முழுக்க அணிக்கு 108 புள்ளியோடு பிரிவில் முதலாவதாக வந்தோம், முறை வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த முறையில் டிஃபென்ஸ் வீரர் கண்ணாடியில் அடிப்பது பிழை அல்ல, அவருக்குச் சொல்லப்பட்ட வேலை. கார்லோ சொன்னதைச் செய்தார். அந்தப் பக்கைப் பலகையில் வென்றெடுக்க வேண்டியது விங்கர். புளோரிடாவின் டிஃபென்ஸ் இறங்கி வந்து அடைத்தபோது நமது விங்கர்கள் அதில் தோற்றார்கள்.

நீலக்கோடு அண்ணை, அந்த வீடியோவை இன்னொரு முறை பாருங்கள். பக்கைப் பார்க்காமல் விங்கர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பாருங்கள்.


நீலக்கோடு:

பார்க்கிறேன். ஆனால் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. எக்மன்-லார்சன் இடது ஷொட். அவரை பென்வாவுக்குப் பக்கத்தில் வலது பக்கம் விட்டோம். பாஸ் கொடுக்கத் தெரிந்த இரண்டு பேரில் ஒருவரைத் தவறான பக்கத்தில் நிறுத்தினால் பாதி வலு போய்விடும். நமது டிஃபென்ஸில் நின்ற லிலெக்ரெனை 2024 ஒக்ரோபரில் சான் ஹோசேக்கு அனுப்பிவிட்டோம். அவர் வலது ஷொட், பாஸும் கொடுப்பார். குறை இருந்ததுதான், அடித்தால் விழுவார். ஆனால் 2017இல் முதல் சுற்றில் எடுத்து வளர்த்தவர்.


ரிங்க் அம்மா:

பக்கம் மாறினால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மகள் இடது ஷொட், ஆள் குறைவென்று ஒரு குளிர்காலம் முழுக்க வலது பக்கம் விளையாடினாள்.

வலது பலகையோடு வரும் பக்கை அவள் பின்கையால்தான் (ஸ்டிக்கின் பின்பக்கத்தால்) நிறுத்த வேண்டும். முன்கையால் எடுக்க வேண்டுமானால் உடம்பை முழுக்கத் திருப்ப வேண்டும், முதுகு ஆட்டத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள். பலகையோடு மேலே விங்கருக்குக் கொடுப்பதும் பின்கைதான், அதில் வேகம் வராது. ஒரே நன்மை, நடுவை நோக்கி முன்கை திறந்திருக்கும். சென்டர் (நடுவில் விளையாடும் முன்வரிசை ஆள்) கீழே இறங்கி வந்தால் அருமையான பாஸ் கொடுக்கலாம். வராவிட்டால் அவள் அகப்பட்டாள்.

எக்மன்-லார்சன் 2024இல் புளோரிடாவோடு கோப்பை வென்றவர், அவருக்கு இது புதிதல்ல. ஆனால் வயது ஏற ஏற அந்தத் திரும்பல் கடினம். அந்த வகையில் கார்லோ வலது ஷொட்டாக வந்தது நல்லது. நீங்கள் விரும்பாத அதே டிரேட் இன்னும் ஒருவர் பக்கம் மாறாமல் காப்பாற்றியிருக்கிறது, தம்பி.


எண்ணெய்க்கிணறு:

டிஃபென்ஸ் வீரர் சேத் ஜோன்ஸைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஜூனில் இறுதிச்சுற்றில் எங்களை ஆறு ஆட்டத்தில் முடித்த அணியில் இருந்தவர். ஆனாலும் எழுத வேண்டும்.

சிகாகோவில் வருடம் 95 லட்சம் டாலர் சம்பளத்தோடு முதல் ஜோடி, பவர் பிளே, எதிரணியின் சிறந்த வரிசை எல்லாவற்றையும் அவர் தலையில் வைத்தார்கள். அணியோ கீழே கிடந்தது. பக்கைத் தொட்டாலே தப்பு என்று பேச்சு. மார்ச் 1 அன்று புளோரிடா ஸ்பென்சர் நைட்டையும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் கொடுத்து வாங்கியது, சம்பளத்தில் 25 லட்சத்தை சிகாகோ வைத்துக்கொண்டது. புளோரிடாவில் ஃபோர்ஸ்லிங்கும் எக்பிளாடும் முதல் ஜோடி. ஜோன்ஸ் இரண்டாவது ஜோடியில் மிக்கோலாவோடு. சுமை குறைந்தது, பாஸ் கொடுக்கும் இடத்திலெல்லாம் ஆள் நின்றது. உங்கள் ஏழாவது ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவரே அவர்தான்.

சிகாகோவில் பார்த்த ஜோன்ஸை வைத்து முடிவு செய்திருந்தால் புளோரிடா வாங்கியே இருக்காது.


பழைய கார்டன்ஸ்:

இப்போது எனக்குப் பயமாக இருப்பது கார்லோவைப் பற்றி அல்ல. நமது விங்கர் மார்னர் வெகாஸுக்குப் போய்விட்டார். 102 புள்ளி போய்விட்டது என்றுதான் எல்லோரும் கதைக்கிறார்கள். அவர் இன்னொன்றும் செய்தார். டிஃபென்ஸ் அகப்பட்டு நிற்கும்போது சொந்தக் கோலுக்குப் பக்கம் வரை கீழே இறங்கி வருவார். பலகையோடு வரும் பக்கைக் காலால் தட்டி, ஸ்டிக்குக்கு எடுத்து, ஆளைத் திருப்பிவிட்டு வெளியே கொண்டுவருவார். நமது டிஃபென்ஸின் பல மோசமான பாஸ்களை நல்ல பாஸாக்கியவர் அவர்.

அவருக்குப் பதிலாக நிக்கோலா ரோய் வந்தார். யூட்டாவிலிருந்து மச்செல்லி, வான்கூவரிலிருந்து டக்கோட்டா ஜோஷுவா. ரோய் பெரிய உடம்பு, பலகையில் வலிமை, சென்டராகவும் நிற்பார். ஜோஷுவாவும் பலசாலி. பெருபேயின் கண்ணாடி முறைக்கு இருவரும் மார்னரைவிடப் பொருந்தலாம். பக்கை வென்றெடுப்பார்கள். ஆனால் வென்ற பிறகு கொடுக்கிற இரண்டாவது பாஸ்? அது மச்செல்லியிடம்தான் இருக்கிறது, அவர் மெலிந்த பிள்ளை. புளோரிடாவுக்கு எதிராகத் தாங்குவாரா என்று பார்க்க வேண்டும்.


நீலக்கோடு:

மூன்றாவது ஆட்டத்தை நேற்று இரவு திரும்பப் பார்த்தேன். 3-1 என்று முன்னுக்கு நின்று, மேலதிக நேரத்தில் புளோரிடாவின் மார்ஷன்டின் ஷொட் ரைலியின் ஸ்டிக்கில் பட்டு உள்ளே போய் 5-4 என்று தோற்றது. மார்க்கம்காரன் சொன்னபடி பக்கைப் பார்க்காமல் விங்கரை மட்டும் பார்த்தேன்.

ஒத்துக்கொள்கிறேன். நான் கார்லோவின் பிழை என்று எழுதிவைத்த பல இடங்களில் விங்கர் நீலக்கோட்டை நோக்கி ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டார். பலகையோரம் யாரும் இல்லை, நடுவில் சென்டர் இன்னும் மேலே. நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் கண்ணாடியில்தான் அடித்திருப்பேன். ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. சில இடங்களில் ரைலி கோலுக்குப் பின்னால் தனியே நிற்கிறார், கார்லோ பார்க்கவே இல்லை. "ஓவர்" என்று கூப்பிட்டாரா என்று வீடியோவில் கேட்காது. அது ஐந்தாறு வார ஜோடியின் குறை என்றால் முழு முகாமும் சேர்ந்து விளையாடிய பிறகு குறைய வேண்டும். குறையாவிட்டால் என் பழைய பதிவுக்கே திரும்பி வருவேன்.

முதல் சுற்றுத் தெரிவு அதிக விலை என்பதை மட்டும் விடமாட்டேன்.

ஒக்ரோபர் 8 மொன்றியலோடு நமது ரிங்கில் முதல் ஆட்டம். ரைலியும் கார்லோவும் ஒன்றாக இறங்கினால் முதல் பத்து நிமிடத்தை எல்லோரும் இப்படியே பார்ப்போமா? ரிங்க் அம்மா, நீங்கள் தோளைப் பாருங்கள். கோலி தம்பி, நீங்கள் ஸ்டோலார்ஸைப் பாருங்கள். நான் விங்கரைப் பார்க்கிறேன்.


ரிங்க் அம்மா:

அன்றைக்கு மகளுக்கு இரவுப் பயிற்சி இருக்கிறது, தம்பி. முடித்து வந்து பதிவு செய்து வைத்ததைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முடிவை மட்டும் யாரும் இங்கே முதலில் போட்டுவிடாதீர்கள்.